சூர்யா அடித்த அந்தர் பல்டி

என் பேத்திக்கு பத்து வயது. எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பூங்காவில் சனி, ஞாயிறு காலைகளில் சக்கர ஸ்கேட்டிங் கற்றுக்கொள்கிறாள். முழங்காலுக்கு இரண்டு, முழங்கைக்கு இரண்டு, தலைக்கு ஒன்று என்று கவசங்களை மாட்டிவிடுவது என் பொறுப்பு. விழுந்தால் தூக்கிவிடுவது பயிற்சியாளர் பொறுப்பு. போன மாதம் ஒரு சனிக்கிழமை நல்ல மழை, வகுப்பு கிடையாது. என் போனை வாங்கி வைத்துக்கொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தினாள்.

"தாத்தா, சீக்கிரம் வாங்க! இந்த அக்கா ஐஸ்ல அந்தர் பல்டி அடிக்கிறாங்க. பேரு சூர்யாவாம்!"

சூர்யா என்றால் நமக்கு ஒரு நடிகர் ஞாபகத்துக்கு வருவார். அல்லது தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். பெண்ணுக்கு, அதுவும் பிரெஞ்சுக்காரப் பெண்ணுக்கு அந்தப் பெயரா என்று கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கட்டுமஸ்தான உடம்புள்ள ஒரு கறுப்பினப் பெண், பனித்தரையில் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டே வருகிறாள். சட்டென்று எம்பி, தலை கீழாகச் சுற்றி, ஒற்றைக் காலில் இறங்கி, ஒன்றுமே நடக்காதது போலப் போய்க்கொண்டே இருக்கிறாள். முழுசாக இரண்டு நொடிகூட இல்லை. பேத்தி அதைப் பத்துப் பதினைந்து முறை பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் பிடித்துக்கொண்டது. அன்றிரவு தொடங்கி ஒரு மாதம், கிடைத்த பழைய ஒளிப்பதிவுகள், பேட்டிகள், 2019-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'லூசர்ஸ்' தொடரில் இவரைப் பற்றிய பகுதி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன், படித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம் பத்திரிகைகளில் பனி சம்பந்தப்பட்ட எல்லா விளையாட்டையும் 'பனிச்சறுக்கு' என்று ஒரே பெயரில் எழுதிவிடுகிறார்கள். காலில் நீளமான பலகை கட்டிக்கொண்டு மலைச்சரிவில் இறங்குவது ஒன்று. இது வேறு. உறைந்த தரையில், இரும்புத் தகடு பொருத்திய பூட்ஸைப் போட்டுக்கொண்டு, பாட்டுக்கு ஏற்ப ஆடிக்கொண்டே தாவுவதும் சுழல்வதும்தான் ஃபிகர் ஸ்கேட்டிங். பாதி விளையாட்டு, பாதி நடனம். நான் சொல்லப்போகும் வம்பு முழுவதும் அந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

அந்தப் பெண்ணின் பெயர் சூர்யா போனாலி. 1973 டிசம்பர் 15-ல் பிரான்ஸின் தென்கோடியில் கடற்கரை நகரமான நீஸில் பிறந்தவர். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே சூஸான், ஜார்ஜ் போனாலி என்ற வெள்ளைக்காரத் தம்பதி தத்தெடுத்தார்கள். சூஸான் உடற்பயிற்சி ஆசிரியை. இந்திய ஆன்மிகத்தில் ஈடுபாடுள்ள குடும்பம். அதனால் சூரியன் என்ற பொருளில் குழந்தைக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். நம் பக்கம் ஆண்பிள்ளைக்கு வைக்கிற பெயர் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலும்.

தாயார் விளையாட்டுப் பாடம் எடுப்பவர் என்பதால் மகள் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்திருக்கிறார். அவற்றில் உருப்படியாக ஊன்றியது டம்ப்ளிங் எனப்படும் பல்டி ஜிம்னாஸ்டிக்ஸ். நீளமான விரிப்பின் ஒரு முனையில் ஓடத் தொடங்கி, மறுமுனை வருவதற்குள் அடுக்கடுக்காகக் கரணம் போட வேண்டும். நம் ஊர்த் திருவிழாக்களில் கழைக்கூத்தாடிப் பிள்ளைகள் புழுதியில் செய்ததை அங்கே மெத்தை போட்டு, நடுவர் வைத்துச் செய்கிறார்கள். உடம்பில் ஸ்பிரிங் வைத்தது போல எம்புகிற சக்தி அங்கிருந்து வந்தது. பிற்காலத்தில் 'இவள் ஸ்கேட்டர் அல்ல, ஜிம்னாஸ்ட்' என்ற பேச்சும் அங்கிருந்துதான் வந்தது.

பெரிய ஸ்கேட்டிங்குக்குள் இவரைக் கொண்டுவந்தவர் திதியே கயகே என்ற பயிற்சியாளர். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவார். கையில் கிடைத்திருப்பது அபூர்வமான சரக்கு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சரக்கை விற்க ஒரு கதையும் வேண்டும் அல்லவா? இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில், தென்னை மரங்கள் நிற்கும் கடற்கரையில் அனாதையாகக் கிடந்த குழந்தை என்று பத்திரிகைக்காரர்களிடம் எடுத்துவிட்டார். அவர்களும் வருடக்கணக்கில் அதை எழுதித் தீர்த்தார்கள். கடைசியில் பார்த்தால் பிறந்தது சுத்தமான நீஸ் நகரம். ரீயூனியன் என்றதும் எனக்குக் கொஞ்சம் காது நிமிர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் போன தீவு அது. ஆனால் பொய்க்கதையில் நமக்கு என்ன உறவு? விட்டுவிட்டேன்.

நல்ல நேரத்தில்தான் இவர் மேலே வந்தார். அதுவரை ஸ்கேட்டிங் போட்டியில் 'கட்டாய வடிவங்கள்' என்று ஒரு பகுதி உண்டு. பனித்தரையில் எட்டு போல வட்டங்களைத் திரும்பத் திரும்ப ஒரே கோட்டில் வரைய வேண்டும். நடுவர்கள் குனிந்து, சில சமயம் மண்டியிட்டு, கோடு எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். காப்பி நோட்டில் எழுத்துப் பயிற்சி செய்தோமே, அதே கதை. தொலைக்காட்சியில் இதைப் பார்க்க ஆள் இல்லை. 1990 உலகப் போட்டியோடு அதை எடுத்துவிட்டார்கள். தாவுகிறவர்களுக்கு வழி திறந்தது. போனாலி ஜூனியர் உலகப் பட்டத்தை வென்றார். 1991 ஜனவரியில், 17 வயதில், ஐரோப்பிய சாம்பியன். அதன் பிறகு 1995 வரை தொடர்ந்து ஐந்து வருடம் அந்தப் பட்டத்தை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. பிரான்ஸ் தேசிய பட்டம் 1989 முதல் 1997 வரை ஒன்பது முறை.

1992-ல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் சொந்த நாட்டிலேயே, ஆல்பெர்வில் நகரத்தில் நடந்தது. எல்லா வீரர்களின் சார்பிலும் உறுதிமொழி வாசிக்கும் கௌரவம் இந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணுக்குக் கிடைத்தது. உடை தைத்துக் கொடுத்தவர் பாரிஸின் பெரிய ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் லக்ருவா. பயிற்சி நேரத்தில் பனித்தரையில் ஓர் அந்தர் பல்டி அடித்தார். மற்ற போட்டியாளர்களும் அங்கே இருந்ததால், மிரட்டுவதற்குச் செய்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. இனி பயிற்சியில் இது கூடாது என்று சொல்லிவிட்டார்கள். போட்டியில் எந்தப் பெண்ணும் அதுவரை முடிக்காத நாலு சுற்றுத் தாவலுக்கு முயன்றார். காற்றில் நான்கு முழுச் சுற்று முடிவதற்குள் தகடு தரையைத் தொட்டுவிட்டதால் அது கணக்கில் சேரவில்லை. ஐந்தாவது இடம். ஒரு பெண் அடித்த நாலு சுற்றுத் தாவல் கணக்கில் ஏறுவதற்கு அதன் பிறகு பத்து வருடம் ஆயிற்று. 2002-ல் மிகி ஆண்டோ என்ற ஜப்பானியச் சிறுமி செய்தாள்.

இங்கே மார்க் போடும் முறையைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் ஒன்பது நடுவர்கள். ஒவ்வொருவரும் ஆறுக்கு இரண்டு மார்க் போடுவார்கள். முதல் மார்க் செய்த வித்தைக்கு: எத்தனை தாவல், எவ்வளவு கடினம், சுத்தமாக இறங்கினாளா என்பது. இரண்டாவது மார்க் அழகுக்கு. இசையோடு இழைந்தாளா, கையும் தலையும் எப்படி அசைந்தன, மொத்தத்தில் பார்க்க எப்படி இருந்தது. இரண்டையும் கூட்டி ஒவ்வொரு நடுவரும் தனக்குத் தானே ஒரு வரிசை வைத்துக்கொள்வார். யாரை அதிக நடுவர்கள் முதலில் வைத்தார்களோ அவர் வென்றவர். பெரிய ஆட்டத்தில் ஒரு நடுவரின் கூட்டல் இரண்டு பேருக்குச் சமமாக வந்துவிட்டால் அழகு மார்க்கைத்தான் பார்ப்பார்கள். வித்தை மார்க்கை அல்ல.

1993 தொடக்கத்தில் ஹெல்சிங்கியில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் போனாலி முதலிடம், உக்ரைனின் ஒக்சானா பயூல் இரண்டாமிடம். அதே வருடம் பிராகில் உலகப் போட்டி: பயூல் முதல், போனாலி இரண்டு. 1994 ஜனவரியில் கோபன்ஹேகனில் மறுபடி போனாலி முதல், பயூல் இரண்டு. அடுத்த மாதம் லில்லிஹாமர் ஒலிம்பிக்ஸ். பயூலுக்குத் தங்கம், போனாலிக்கு நாலாவது இடம், கழுத்துக்குப் பதக்கமே இல்லை. பயூலைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கைவிரல் நுனி வரை நடனம் தெரிந்த பெண். அந்தத் தங்கம்கூட அமெரிக்காவின் நான்சி கெர்ரிகனுக்கும் இவருக்கும் இடையில் 5-க்கு 4 என்ற கணக்கில்தான் முடிவானது. இரண்டு பேருக்கும் சமமாகக் கூட்டல் வைத்திருந்த ஒரு நடுவர், அழகு மார்க்கில் பத்தில் ஒரு பங்கு பயூலுக்குக் கூடுதலாகப் போட்டிருந்தார். ஒரு தங்கப் பதக்கம் அந்தப் பத்தில் ஒரு பங்கில் நின்றது.

ஒரு மாதம் கழித்து ஜப்பானின் சிபாவில் உலகப் போட்டி. ஒலிம்பிக்ஸில் பதக்கம் வாங்கிய பயூல், கெர்ரிகன், சீனாவின் சென் லூ மூவருமே வரவில்லை. போனாலிக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. எதிரே இருந்தது உள்ளூர்ப் பெண் யூக்கா சாட்டோ. ஸ்கேட்டிங் குடும்பத்துப் பிள்ளை, தந்தை நொபுவோ சாட்டோவே பெயர் பெற்ற பயிற்சியாளர். ஒளிப்பதிவில் சாட்டோ தரையில் போவதைப் பார்த்தால் எண்ணெயில் வழுக்குவது போல இருக்கிறது, ஓசையே வராது என்று தோன்றுகிறது. போனாலி அப்படி அல்ல. வேகம் எடுக்கிறார், தாவுகிறார், இறங்குகிறார், அடுத்ததற்கு ஓடுகிறார். முடிவு: ஐந்து நடுவர்கள் சாட்டோவுக்கு, நால்வர் போனாலிக்கு.

பரிசளிப்பு நேரத்தில் போனாலி இரண்டாமிடத்துக்கான மேடையில் ஏறவில்லை. மேடைக்குப் பக்கத்தில் தரையில் நின்றார். அதிகாரி ஒருவர் வந்து சமாதானம் சொல்லி மேடை ஏற்ற வேண்டியிருந்தது. வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். அதை உடனே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். அரங்கத்தில் கூச்சல். பிறகு பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்து கேட்டபோது நடுவர்களைத் திட்டவில்லை. தனக்கு அதிர்ஷ்டம் இல்லை என்கிற மாதிரிதான் சொல்லிக்கொண்டு போனார்.

இந்தக் காட்சியை நான் இரண்டு விதமாகப் பார்த்தேன். முதல் நாள், 'என்ன இருந்தாலும் ஜெயித்தவள் பக்கத்தில் நிற்கிறாள், அவள் சந்தோஷத்தைக் கெடுக்கலாமா?' என்று எனக்குக் கோபம் வந்தது. யூக்கா சாட்டோ என்ன தப்பு செய்தார்? அந்தக் கருத்து இன்னும் எனக்கு முழுசாகப் போகவில்லை. ஆனால் மறுநாள் பார்த்தபோது வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. இந்தக் கட்டுரையை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்ததும் அதனால்தான்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பதவி உயர்வுக்கு எழுத்துத் தேர்வு 85 மார்க், நேர்முகம் 15 மார்க். 1990களின் நடுவில் ஒரு வருடம் நேர்முகக் குழுவில் நானும் ஒருவன். மூன்று பேர் உட்கார்ந்திருப்போம், பேசி ஒரே மார்க்காகப் போடுவோம். நான்கு இடங்கள். எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்திருந்தவர் ஒரு பெண். சின்ன ஊரிலிருந்து வந்தவர், வீட்டில் முதல் பட்டதாரி. கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில் சொன்னார். ஆனால் ஒவ்வொன்றும் ஒற்றை வரி. சிரிக்கவில்லை. வார்த்தைக்கு வார்த்தை சார் போடவில்லை. கைகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு எங்களை நேராகப் பார்த்தார். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் முதலில் வாய் திறந்தவன் நான். "விஷயம் இருக்கு சார், ஆனா பெர்சனாலிட்டி இல்லை" என்றேன். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ஆறு மார்க். அவருக்கு முன்னால் வந்த ஒரு பையன் நன்றாக ஆங்கிலம் பேசினான், அவன் தந்தையை எங்களுக்குத் தெரியும். பதிமூன்று. பட்டியல் வந்தபோது அந்தப் பெண் ஐந்தாவது. நாலாவது ஆளுக்கும் அவருக்கும் இரண்டு மார்க் வித்தியாசம்.

யாரும் எனக்குச் சிபாரிசு சொல்லவில்லை. அந்தப் பெண்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. அவர் என்ன சாதி என்று நான் விசாரிக்கவும் இல்லை. விசாரிக்காமலே தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம். மனதார நியாயமாக மார்க் போட்டதாகத்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். முடிவு ஒட்டிய நாளில் அவர் என் மேஜையைத் தாண்டிப் போனார். நான் வணக்கம் வைத்தேன். அவர் வைக்கவில்லை. அகங்காரம் பிடித்தவள் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். முப்பது வருடம் ஆகிறது.

போனாலி விஷயத்தில் நிறம் ஒரு காரணமா? இதைப் பற்றி எழுதியவர்கள் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். இல்லை என்பவர்களிடம் வாதம் இருக்கிறது. அமெரிக்காவின் டெபி தாமஸ் என்ற கறுப்பினப் பெண் 1986-லேயே உலக சாம்பியன் ஆனார், 1988 ஒலிம்பிக்ஸில் வெண்கலமும் வாங்கினார். போனாலியின் தாவல்கள் பலவற்றில் கடைசிக் கால்சுற்று பனித்தரையில்தான் முடிந்தது. ஒரு தாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நடனம் குறைவு. இதெல்லாம் உண்மை. வீடியோவை மெதுவாக ஓட்டினால் என் கண்ணுக்கே தெரிகிறது. இன்னொரு பக்கம், அந்தக் காலத்து வர்ணனைகளைக் கேளுங்கள். தசை, வலிமை, ஜிம்னாஸ்ட், அடங்காதவள். இவையே திரும்பத் திரும்ப வருகின்றன. மற்ற பெண்களுக்கு இளவரசி, தேவதை, பீங்கான் பொம்மை. அழகு மார்க் என்ற கட்டத்தை நிரப்பும்போது நடுவர் மனதில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கும். அந்தப் படத்தில் இருக்கும் பெண் ஒல்லியாக, வெளுப்பாக, சுழலும்போது முறிந்துவிடுவாளோ என்று பயப்படும்படி இருப்பாள். நியூயார்க்கில் மேபல் ஃபேர்பேங்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை 1930களில் நிறத்தைக் காட்டி ஸ்கேட்டிங் அரங்கத்துக்குள்ளேயே விடவில்லை. பிற்காலத்தில் அவர் பெரிய பயிற்சியாளராகி, 1997-ல் அமெரிக்க ஸ்கேட்டிங்கின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். அரங்கத்துக் கதவைத் திறந்துவிடலாம். நடுவர் தலைக்குள் இருக்கும் படத்தை எடுக்க யாராலும் சட்டம் போட முடியாது. ஒன்பது பேரும் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று நான் நினைக்கிறேன். நாங்கள் மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை.

1995-ல் பர்மிங்காமில் உலகப் போட்டி. மூன்றாவது வெள்ளி. இந்த முறை சென் லூவுக்குப் பின்னால். மூன்று வருடம், மூன்று வெவ்வேறு சாம்பியன்கள், ஒரே இரண்டாமிடக்காரி. 1996 ஐரோப்பியப் போட்டியில் ரஷ்யாவின் இரினா ஸ்லுட்ஸ்கயாவிடம் பட்டம் போனது. அந்த வருடமே குதிகால் நரம்பு அறுந்தது. குதிகாலையும் கெண்டைக்காலையும் இணைக்கிற தடித்த நரம்பு அது. தாவுகிறவர்களுக்கு உயிர்நாடி. மற்றவராக இருந்தால் அத்தோடு கணக்கை முடித்திருப்பார். இவர் சிகிச்சை முடிந்து திரும்பி வந்தார். ஆனால் பழைய எம்பல் இல்லை.

1998 பிப்ரவரி, ஜப்பானின் நாகனோ ஒலிம்பிக்ஸ். வயது 24. அந்த வருடத் தங்கம் வாங்கிய தாரா லிபின்ஸ்கிக்கு 15 வயது என்றால் மற்றதை நீங்களே புரிந்துகொள்ளலாம். முதல் நாள் ஆட்டத்தில் போனாலிக்கு ஆறாவது இடம். இரண்டாவது நாள் பெரிய ஆட்டம். கால் வலி. நடுவிலேயே ஒரு முறை விழுந்தார். பதக்கம் இல்லை என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அந்தர் பல்டிக்கு அப்போது தடை இருந்தது. 1976-ல் இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்ஸில் டெர்ரி குபிக்கா என்ற அமெரிக்க இளைஞர் அதைச் செய்துகாட்டினார். உடனே சர்வதேசச் சங்கம் தடை போட்டுவிட்டது. தலை தரையில் மோதினால் ஆபத்து என்பது ஒரு காரணம். ஸ்கேட்டிங் தாவல் என்றால் ஒற்றைக் காலில் இறங்க வேண்டும், இந்தப் பல்டியிலோ இரண்டு காலையும் ஊன்றித்தான் இறங்க முடியும் என்பது இன்னொரு காரணம். காட்சி நிகழ்ச்சிகளில் போனாலி இதை எத்தனையோ முறை செய்திருக்கிறார், ஜனங்கள் அதற்காகவே வருவார்கள். போட்டியில் மட்டும் தொட்டதில்லை.

நாகனோவில் தொட்டார். பேத்தி எனக்குக் காட்டியது அதைத்தான். இரண்டு காலில்தானே இறங்க முடியும் என்றீர்கள் என்பது போல ஒற்றைக் காலில், ஒற்றைத் தகட்டில் இறங்கினார். குதிகால் நரம்பு அறுந்து ஒட்டவைத்த ஓர் ஆள் செய்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள். அரங்கம் எழுந்தது. ஆட்டத்தை முடிக்கும்போது நடுவர்களுக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்து நின்றார். மார்க்கைக் குறைத்தார்கள். மொத்தத்தில் பத்தாவது இடம். போட்டி ஸ்கேட்டிங்கிலிருந்து அத்தோடு விலகினார்.

இந்த ஒரு பல்டியை மட்டும் பிடித்துக்கொண்டு அவரைப் பெரிய புரட்சிக்காரியாக இன்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் சங்கடம். ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன், ஒன்பது முறை தேசிய சாம்பியன், மூன்று உலக வெள்ளி. இவ்வளவும் இரண்டு நொடி வீடியோவுக்குப் பின்னால் மறைந்துபோகிறது. மறுபக்கம், அந்த இரண்டு நொடி இல்லாவிட்டால் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மழை நாளில் அவர் பெயர் வந்திருக்காது.

மறுபடி வருவார் என்று சொன்னேனே, அந்தத் திதியே கயகே பிரெஞ்சு ஸ்கேட்டிங் சங்கத்தின் தலைவரானார். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்ஸில் ஜோடி ஸ்கேட்டிங் முடிவில் பெரிய ஊழல் வெடித்தது. ரஷ்ய ஜோடிக்கு வாக்களிக்கத் தன்மேல் நெருக்குதல் இருந்தது என்று பிரெஞ்சு நடுவர் சொன்னதாகச் செய்தி வந்தது. விசாரணை நடத்தி, அந்த நடுவருக்கும் கயகேவுக்கும் மூன்று வருடத் தடை விதித்தார்கள். கனடா ஜோடிக்கும் தனியாக ஒரு தங்கம் கொடுத்து விஷயத்தை மூடினார்கள். அந்தக் களேபரத்தில்தான் ஆறு மார்க் முறையே ஒழிந்தது. 2004-ல் புதிய முறை வந்தது. ஒவ்வொரு தாவலுக்கும் இத்தனை புள்ளி என்று மளிகைக் கடை ரசீது மாதிரி பட்டியல் போட்டுக் கூட்டுகிறார்கள். அழகுக்கு ஒரு பகுதி அதிலும் இருக்கிறது. அது இல்லாமல் இருக்கவும் முடியாது, நடனத்தில் பாதி அதுதானே.

போனாலி அமெரிக்காவுக்குப் போய், 'சாம்பியன்ஸ் ஆன் ஐஸ்' என்ற குழுவோடு ஊர் ஊராகப் பல வருடங்கள் ஆடினார். போகிற இடமெல்லாம் அந்தர் பல்டி. 2004-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். பிறகு பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

2024 ஜனவரியில் லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் ஐரோப்பியப் போட்டி. மொரிஷியஸ் வம்சாவளியில் வந்த ஆடம் சியாவோ ஹிம் ஃபா என்ற பிரெஞ்சு இளைஞர், நிச்சயம் புள்ளி போகும் என்று தெரிந்தே தன் ஆட்டத்தில் அந்தர் பல்டி அடித்தார். இரண்டு புள்ளி வெட்டினார்கள். ஆனாலும் அவர்தான் சாம்பியன். இரண்டு மாதம் கழித்து மான்ட்ரியாலில் உலகப் போட்டியில் மறுபடி அடித்தார், மறுபடி வெட்டினார்கள். முதல் ஆட்டத்தில் 19-வது இடத்தில் கிடந்தவர் வெண்கலத்தோடு ஊர் திரும்பினார்.

அந்த வருடம் ஜூன் மாதம் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் கூடி, அந்தர் பல்டிக்கு இருந்த தடையை நீக்கியது. 2024-25 பருவத்திலிருந்து அதற்குப் புள்ளி வெட்டு கிடையாது. கூட்டம் நடந்த ஊர் லாஸ் வேகாஸ். போனாலி பல வருடங்கள் குடியிருந்த ஊர். அப்போது அவருக்கு ஐம்பது வயது.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். "அப்போ அந்த அக்காவுக்குக் குறைச்ச மார்க்கைத் திருப்பிக் குடுப்பாங்களா தாத்தா?" என்று கேட்டாள். மாட்டார்கள் என்றேன். கவசத்தை மாட்டிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பிவிட்டாள்.